ரைட் சிம்பல் வாங்குமுன்: எடை, உலோகம், வாசிக்கும் இடம்

ட்ரம் செற்றில் அழுத்தம் கொடுக்க ஓங்கி அடிக்கும் க்ராஷ் சிம்பலை ஒரு பாட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை அடித்தால் அதிகம். தாளத்தை விடாமல் ஓட்டும் ரைட்டின் கணக்கு வேறு. நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், தட்டுக்கு இரண்டு அடியாக, இரண்டே நிமிடம் வாசித்தால் 480 அடி ஆகிவிடும். க்ராஷில் உள்ள குறையைக் கேட்பவர் கவனிக்காமலே போகலாம். ரைட்டில் உள்ள குறை அந்த 480 தடவையும் காதில் விழும். சிம்பல்களில் ஒன்றுக்குத்தான் கூடுதலாகச் செலவழிக்க முடியும் என்றால், அது ரைட்டாக இருக்கட்டும்.

ரைட்டில் அடிக்கக்கூடிய இடம் மூன்று. நடுவில் எழும்பி நிற்கும் குமிழ் பெல். அதைச் சுற்றிச் சரிந்து போகும் அகன்ற பகுதி நடுப்பரப்பு. வாசிப்பின் பெரும்பகுதி இங்கேதான் நடக்கும். கடைசியில் மெலிந்து முடிவது ஓரம்.

ஸ்டிக்கின் நுனி நடுப்பரப்பில் படும்போது இரண்டு சத்தங்கள் சேர்ந்து பிறக்கின்றன. மரம் உலோகத்தைத் தொட்ட கணத்தில் எழும் கூர்மையான ‘டிங்’ ஒன்று. இதை பிங் என்பார்கள். அதற்கு அடியில் விரிந்து ஓடும் ‘ஷ்ஷ்’ மற்றது, இது வொஷ். பிங் தாளத்தைச் சொல்கிறது. வொஷ் பாட்டின் இடைவெளிகளை நிரப்புகிறது. இரண்டும் வேண்டும். ஆனால் ஒவ்வொரு புது அடியும், முந்தைய அடி விட்டுப்போன வொஷ்ஷின் மேல் இன்னும் கொஞ்சத்தைச் சேர்க்கிறது. வொஷ் அடங்கும் வேகத்தைவிடச் சேரும் வேகம் கூடினால், நாலு சுற்று முடிவதற்குள் பிங் மூழ்கிப்போகும். எல்லாம் ஒரே இரைச்சலாகக் கேட்கும். கடையில் ஒரு அடி அடித்துப் பார்க்கும்போது இது தெரியவே தெரியாது.

ஆகவே ரைட் தெரிவு செய்வது என்பது ஒரே ஒரு கேள்விதான்: நீங்கள் வழக்கமாக அடிக்கும் பலத்தில், நீங்கள் வாசிக்கும் இடத்தில், பிங் வொஷ்ஷுக்கு மேலே நிற்கிறதா? அளவு, எடை, உலோகம், கொம்பனியின் பெயர் எல்லாவற்றையும் இந்தக் கேள்விக்கு வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

திருகோணமலையில் ட்ரம் செற் ஏறும் இடங்களைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது தேவாலயங்களும் பாடசாலை மண்டபங்களும். சீமெந்துச் சுவர், மாபிள் அல்லது சீமெந்துத் தரை, உயர்ந்த கூரை. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். சிம்பல் அடங்கிய பிறகும் மண்டபம் அடங்காது. சிம்பலுக்கு உள்ள வொஷ்ஷோடு மண்டபத்தின் வொஷ்ஷும் சேர்ந்துவிடும். இப்படிப்பட்ட இடத்தில் மெல்லிய, நீண்டு ஒலிக்கும் ரைட்டை வைத்தால் பாடகரின் சொற்கள் விளங்காமல் போகும். பழி ட்ரம்மர் மேல் விழும், ‘மெல்லமாக அடி’ என்பார்கள். மெல்ல அடித்தாலும் பிரச்சினை தீராது, ஏனென்றால் பிரச்சினை சத்தத்தின் அளவில் இல்லை, அது நீண்டு நிற்பதில் இருக்கிறது.

இரண்டாவது திறந்தவெளி. டச் பே கடற்கரைப் பக்கம் போடும் மேடையாக இருக்கலாம், மெக்கெய்சர் விளையாட்டரங்காக இருக்கலாம், கோயில் திருவிழாவையொட்டி வீதியோரம் எழும்பும் மேடையாக இருக்கலாம். பின்னால் சுவர் இல்லை, மேலே கூரை இல்லை, கடற்காற்று வேறு. இங்கே வொஷ் மேடையை விட்டு இறங்குவதற்குள் கரைந்துவிடும். சனத்தின் காதுக்குப் போய்ச் சேர்வது பிங் மட்டும்தான். சிறிய நிகழ்ச்சிகளில் ட்ரம் செற்றுக்கு இரண்டு மூன்று மைக்தான் கிடைக்கும்: கிக் ட்ரம்முக்கு ஒன்று, ஸ்நேருக்கு ஒன்று, மேலே ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். ரைட் தன் சொந்தப் பலத்தில்தான் வெளியே வரவேண்டும்.

மூன்றாவது, உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்கள். பக்கங்கள் திறந்த கிடுகுக் கூரை, சாப்பிட்டுக்கொண்டு கதைக்கும் ஆட்கள், கிட்டார், கீபோர்ட், சிலவேளை ஒரு சாக்ஸபோன். கிடுகு சத்தத்தை உறிஞ்சும். இங்கே கனமான ரைட்டின் பிங் ஒவ்வொன்றும் மேசைக்காரரின் காதில் குத்தும். மெல்லிய ரைட்டின் வொஷ்தான் இந்த இடத்துக்குப் பொருந்தும்.

முதலிரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்போலத் தெரியும். ஆனால் இரண்டும் கேட்பது ஒன்றையே: கட்டுக்குள் நிற்கும் வொஷ், தெளிவான பிங். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலும் சனிக்கிழமை இரவு கடற்கரை மேடையிலும் வாசிப்பவருக்கு ஒரே ரைட் போதும் என்று துணிந்து சொல்வது இதனால்தான். ஹோட்டல் வாசிப்புத்தான் உங்கள் முதன்மைத் தொழில் என்றால் வேறு ரைட் வேண்டும்.

அளவும் எடையும்

ரைட் 18 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை வரும். நடைமுறையில் உங்கள் முன்னால் இருக்கப்போவது 20, 21, 22 என்ற மூன்றுதான். பெரிய சிம்பலில் சுருதி இறங்கும், சத்தம் தாங்கும் அளவு கூடும், ஒலி அடங்க அதிக நேரம் எடுக்கும். 18 அங்குலத்தில் சில கொம்பனிகள் க்ராஷ் ரைட் என்று ஒன்றைச் செய்கின்றன. இரண்டு வேலைக்கும் ஒன்று என்று நினைத்து வாங்குவார்கள். பெரும்பாலும் அது சுமாரான க்ராஷ், மோசமான ரைட். இடப்பஞ்சம் இல்லையென்றால் தவிர்க்கலாம்.

அளவைவிட எடைதான் குணத்தைத் தீர்மானிக்கிறது. ஒரே 20 அங்குலத்தில் 1700 கிராம் ரைட்டும் இருக்கிறது, 2700 கிராம் ரைட்டும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் வேறு வேறு வாத்தியம் என்றே நினைப்பீர்கள். கனமான தகடு விறைப்பானது. ஸ்டிக் பட்டால் அதிகம் வளைந்து ஆடாது, ஆகவே வொஷ் குறைவு, பிங் கூர்மை, சுருதி உயரம். மெல்லிய தகடு ஒரு சின்னத் தட்டுக்கே முழு உடம்பையும் ஆட்டிவிடும், வொஷ் உடனே திறந்துகொள்ளும், சுருதி தாழும்.

கிட்டத்தட்டப் பயன்படும் எல்லைகள் இவை. 20 அங்குலத்தில் 1900 கிராமுக்குக் கீழ் மெல்லியது, 1900 முதல் 2300 வரை நடுத்தரம், 2500-க்கு மேல் கனம். 22 அங்குலத்தில் 2400-க்குக் கீழ் மெல்லியது, 2400 முதல் 2900 வரை நடுத்தரம், 3100-க்கு மேல் கனம். 21 அங்குலத்துக்கு இரண்டுக்கும் இடையில் பாருங்கள்.

கொம்பனிகள் சிம்பலில் அச்சடிக்கும் ‘லைட்’, ‘மீடியம்’, ‘ஹெவி’ என்ற சொற்களை அப்படியே நம்பவேண்டாம். ஒரு கொம்பனியின் மீடியம் இன்னொன்றின் ஹெவியாக இருக்கும். கடையில் எடையைக் கேளுங்கள். தெரியாது என்றால் சமையலறைத் தராசு ஒன்று போதும், ஐந்து கிலோ வரை காட்டும் டிஜிட்டல் தராசு. அதன்மேல் ஒரு கோப்பையைக் கவிழ்த்து வைத்து, எடையைப் பூச்சியமாக்கி, சிம்பலைக் கோப்பையின் மேல் சமமாக அமர்த்தவேண்டும். நேரடியாகத் தராசில் வைத்தால் சிம்பலின் ஓரம் மேசையில் முட்டி எடை குறைத்துக் காட்டும்.

தேவாலயமும் திறந்தவெளி மேடையும் என்று இரண்டு பக்கமும் ஓடுபவர்களுக்கு எங்கள் தெரிவு 20 அங்குலத்தில் 2100 முதல் 2400 கிராம் வரை, அல்லது 21 அங்குலத்தில் 2400 முதல் 2700 கிராம் வரை. 22 அங்குல ஹெவி ரைட் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் தேவாலயத்தில் அதன் பெல்லை ஒரு தட்டுத் தட்டினால் முன்வரிசை திரும்பிப் பார்க்கும். ஹோட்டலுக்கு என்றால் 20 அங்குலத்தில் 1700 முதல் 1900 கிராம் வரை, அல்லது பெல்லே இல்லாத ஃப்ளாட் ரைட். ஃப்ளாட் ரைட்டில் வொஷ் ஒரு எல்லைக்கு மேல் ஏறவே ஏறாது, எவ்வளவு நேரம் வாசித்தாலும் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக நிற்கும். ஆனால் பெரிய மேடையில் அது காணாமல் போய்விடும்.

உலோகம்

சிம்பல்கள் வெண்கலத்திலும் பித்தளையிலும் வருகின்றன. பி20 என்று எழுதியிருந்தால் 80 வீதம் செம்பு, 20 வீதம் வெள்ளீயம். கோயில் மணி வார்க்கும் வெண்கலமும் ஏறத்தாழ இதே குடும்பம்தான். பி8 என்றால் 92 வீதம் செம்பு, 8 வீதம் வெள்ளீயம். பித்தளைச் சிம்பலில் வெள்ளீயத்துக்குப் பதில் துத்தநாகம். ஏறத்தாழ 37, 38 வீதம். இவற்றுக்கு இடையில் பி10, பி12 என்ற கலவைகளும் உண்டு.

வெள்ளீயம் கூடக்கூடத் தகடு கடினமாகும், ஒலியில் உயர்ந்த தாழ்ந்த சுருதிகள் பலவும் கலந்து வரும். அதோடு உடையும் தன்மையும் கூடும். பி20-ஐக் குளிர்ந்த நிலையில் தகடாக உருட்ட முடியாது, வெடித்துவிடும். வார்த்த கட்டியை உலையில் சூடாக்கி உருட்டி, மறுபடி சூடாக்கி உருட்டி, பிறகு சுத்தியல், கடைசல் என்று போகவேண்டும். விலை ஏறுவதற்குக் காரணம் இந்த வேலைதான். பி8-உம் பித்தளையும் ஆயத்தத் தகடாகவே கிடைக்கும், வெட்டி அச்சில் அமுக்கினால் பாதி வேலை முடிந்தது.

புது ட்ரம் செற்றோடு சும்மா சேர்ந்து வரும் ரைட் அநேகமாகப் பித்தளைதான். மெய்னல் எச்சிஎஸ், ஸபியன் எஸ்பிஆர், ஸில்ஜியன் ப்ளனெட் ஸெட் போன்ற ஆரம்பத் தொடர்கள் இந்த வகை. பழகுவதற்குப் போதும். பித்தளை ரைட்டின் குறை என்னவென்றால், பிங்குக்கும் வொஷ்ஷுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. மெல்லமாக அடித்தால் இரண்டும் மந்தம், பலமாக அடித்தால் இரண்டும் சேர்ந்து ‘தகர’ச் சத்தம். பலத்துக்கு ஏற்றபடி குணம் மாறாது. ரைட்டில் இது பெரிய குறை, ஏனென்றால் ரைட்டை மெல்லமாகவும் வாசிக்கிறோம், பலமாகவும் வாசிக்கிறோம்.

பி8 என்றதும் மலிவுச் சாமான் என்று தள்ளிவிடவும் கூடாது. சுவிற்சர்லாந்தின் பைஸ்ற்றி கொம்பனி 1971-இல் வெளியிட்ட 2002 தொடர் பி8-தான். உலகின் பெரிய ரொக் மேடைகளில் அது இன்றைக்கும் நிற்கிறது. பிரகாசமான, நேராகப் பாயும் சத்தம் அதற்கு. திறந்தவெளிக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் மலிவு பி8 தொடர்களில் அந்த வேலைப்பாடு கிடையாது.

ஸில்ஜியனின் ஏ, கே தொடர்கள், ஸபியனின் ஏஏ, எச்எச்எக்ஸ் தொடர்கள், மெய்னலின் பைசான்ஸ், இஸ்தான்புல் அகொப் ஆகியவை பி20. இதற்குக் கீழே எழுதுவது எங்கள் துணிபு: புத்தம்புதிய பித்தளை அல்லது மலிவு பி8 செற் ஒன்றை முழுதாக வாங்கும் பணத்துக்கு, பாவித்த பி20 ரைட் ஒன்றை மட்டும் வாங்குங்கள். ஹைஹற்றும் (காலால் திறந்து மூடும் சோடிச் சிம்பல்) க்ராஷும் பிறகு வரட்டும். நல்ல ரைட் உடையாமல் பாதுகாத்தால் பல பத்தாண்டுகள் இருக்கும். மேலதிகமாகப் போட்ட பணம் வீணாகாது.

மேற்பரப்பும் பெல்லும்

சிம்பலின் மேல் வட்டமாக ஓடும் நுண்ணிய கோடுகள் கடைசலில் வந்தவை. கோடுகள் முழுதாக இருந்தால் சத்தம் திறந்து விரியும். கடையாமல் கறுத்த தோலோடு விட்ட ரைட்டுகள் வரட்சியாக ஒலிக்கும்: பிங் மேலே, வொஷ் மிகக் குறைவு, சீக்கிரம் அடங்கும். எதிரொலி கூடிய மண்டபத்துக்கு இவை பெரிய உதவி. பாதி கடைந்து பாதி விட்டவையும் உண்டு. ‘ட்ரை ரைட்’ என்று பெயர் வைத்தவை அநேகமாக இந்த இரண்டு வகையில் ஒன்று. ஆனால் மிகவும் வரண்ட ரைட்டை ஹோட்டலில் வாசித்தால் பலகையில் தட்டுவதுபோல் இருக்கும், ஆகவே அளவோடு.

சுத்தியல் குழிகள் ஒழுங்கற்று ஆழமாக இருந்தால் சத்தம் இருண்டு சிக்கலாகும். ஒரே சீராக இருந்தால் சுத்தமாக, பிரகாசமாக வரும். கண்ணாடிபோல் மினுக்கிய மேற்பரப்பு அழகுக்காகத்தான் பெரும்பாலும். ஒலியில் அது செய்யும் மாற்றத்தைவிட எடை செய்யும் மாற்றம் பலமடங்கு பெரியது.

சிம்பலைப் பக்கவாட்டில் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள். நடுப்பரப்பு அதிகம் வளைந்திருந்தால் சுருதி உயரும், பிங் தெளிவாகும். தட்டையாக இருந்தால் சுருதி தாழும், வொஷ் சீக்கிரம் திறக்கும். பெல் பெரிதாக இருந்தால் பெல்லின் சத்தமும் பலம், முழுச் சிம்பலும் அதிகம் ஒலிக்கும். சிறிய பெல் சிம்பலை அடக்கி வைக்கும். பைலா என்ற ஆட்டப்பாட்டு வாசிப்பவர்களுக்குப் பெல் முக்கியம், ஏனென்றால் மூன்று மூன்று அடியாக ஓடும் 6/8 தாளத்தில் பாட்டு உச்சத்துக்கு வரும்போது பெல்லில்தான் போய் நிற்போம். நடுத்தரப் பெல், தெளிவான ஒரு சுருதி. பெல் அடித்தால் ‘கிளாங்’ என்று நடுப்பரப்போடு ஒட்டாமல் அந்நியமாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள். அப்படி ஒட்டாத ரைட்டுகள் நிறைய உண்டு.

கடையில் சோதிக்கும் முறை

திருகோணமலையில் ரைட்டுகளை வரிசையாக வைத்துத் தெரிவு செய்ய இடம் குறைவு. பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகவேண்டும். வீதியால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க மறுபடி போவது இலேசான காரியம் அல்ல. ஆகவே கடையில் ஒரு மணித்தியாலம் செலவழிக்கத் தயங்கவேண்டாம்.

உங்கள் சொந்த ஸ்டிக்கைக் கொண்டுபோங்கள். இது மிக முக்கியம். மெல்லிய 7ஏ ஸ்டிக்கில் இனிமையாகக் கேட்ட ரைட் தடித்த 5பி ஸ்டிக்கில் அலறும். நைலோன் நுனி மர நுனியைவிடப் பிரகாசமான பிங் தரும். கடைக்காரர் நைலோன் ஸ்டிக் தந்தால் இருண்ட ரைட்டும் தெளிவாகத் தெரியும், வீட்டுக்கு வந்தபிறகுதான் வித்தியாசம் விளங்கும்.

சிம்பலைக் கையில் தொங்கவிட்டு அடித்துப் பார்ப்பதில் பயனில்லை. ஸ்டாண்டில் ஏற்றச் சொல்லுங்கள். மேலுள்ள செட்டை நட் தளர்வாக இருக்கட்டும், சிம்பல் கையால் தட்டினால் தாராளமாக ஆடவேண்டும். இறுக்கிப் பூட்டிய சிம்பல் பொய் சொல்லும்: வொஷ் குறைந்ததாகக் காட்டும்.

முதலில் பெல்லுக்கும் ஓரத்துக்கும் நடுவில், ஸ்டிக் நுனியால், மெல்லமாக, மெதுவாக அடியுங்கள். பிங் எங்கே இருக்கிறது என்று காது பிடிக்கட்டும். பிறகு வேகத்தைக் கூட்டி உங்கள் வழக்கமான பலத்தில் இரண்டு நிமிடம் விடாமல் வாசியுங்கள். இரண்டு நிமிடம் நீண்டதாகத் தெரியும், பரவாயில்லை. விடாமல் வாசிக்கும்போதுதான் வொஷ் முழுதாக ஏறும். அப்போது பிங்கை இன்னும் எண்ண முடிகிறதா? அடுத்து 6/8. வேகமான மூன்றடிக் கூட்டங்களில் வொஷ் இன்னும் வேகமாகக் குவியும். நேர் தாளத்தில் தேறிய பல ரைட்டுகள் இதில் தோற்கும். நீங்கள் பைலா வாசிப்பவர் என்றால் இந்தச் சோதனைதான் தீர்ப்பு.

பிறகு ஸ்டிக்கின் தோள்பட்டையால், அதாவது நுனிக்குப் பின்னால் தடித்துவரும் பகுதியால், பெல்லை அடியுங்கள். ஓரத்தில் ஒரு தடவை க்ராஷ் செய்து, முழுதாக அடங்கும் வரை பொறுத்திருங்கள். அடங்கும்போது இடையில் விலகிய ஊளைச் சுருதி ஒன்று தனியாக எழும்பினால், அது மைக்கில் பத்து மடங்காகத் தெரியும். அந்த ரைட் வேண்டாம்.

கடைசியாக, கூட வந்தவரை அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் இருபது முப்பது அடி தள்ளி நில்லுங்கள், முடிந்தால் கடை வாசலுக்கு. ட்ரம்மரின் காதுக்கும் சனத்தின் காதுக்கும் உள்ள வித்தியாசம் ரைட்டில்தான் மிக அதிகம். கிட்ட நின்றால் முரட்டுத்தனமாகத் தெரியும் சிம்பல் தூரத்தில் அழகாக இருக்கும்; கிட்ட இனிமையாக இருந்தது தூரத்தில் வெறும் மூச்சுச் சத்தம் ஆகிவிடும். எல்லோரும் தவறவிடும் படி இது.

மூன்று நாலு ரைட்டை ஒப்பிட்டால் காது குழம்பும். கைபேசியை ஒரே இடத்தில் அசையாமல் வைத்து, ஒவ்வொன்றையும் அதே வாசிப்போடு பதிவு செய்துகொண்டு வெளியே வந்து கேளுங்கள். கைபேசி மைக் பலத்த சத்தத்தைத் தானாகவே அமுக்கும். ஆகவே பதிவை வைத்து ஒரு சிம்பல் எவ்வளவு சத்தம் என்று முடிவு செய்யக்கூடாது. ஒன்றுக்கொன்று ஒப்பிட மட்டும் அது உதவும். இணையத்தில் படம் பார்த்து வாங்குவதானால் அந்தக் குறிப்பிட்ட சிம்பலின் எடையைக் கேட்டு வாங்குங்கள். எடை சொல்ல முடியாத விற்பனையாளரிடம் பெரிய பணம் கொடுக்கவேண்டாம்.

பாவித்த ரைட் வாங்கும்போது

வெடிப்புத்தான் முதல் கவலை. பகல் வெளிச்சத்தில், அல்லது ரோச் லைட்டைச் சாய்வாகப் பிடித்து, ஓரம் முழுவதையும் இரண்டு பக்கமும் பாருங்கள். நகத்தை ஓரத்தில் மெல்ல இழுத்துச் சென்றால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் நகத்தில் தட்டும். ஓரத்திலிருந்து உள்நோக்கி ஓடும் வெடிப்பு ஒரு வகை. கடைசல் கோட்டின் வழியே வட்டமாக ஓடும் வெடிப்பு இன்னொரு வகை. கோட்டுக்குள் ஒளிந்திருப்பதால் இது அபாயம். பெல் எழும்பத் தொடங்கும் மடிப்பையும், நடுத் துளையையும் கட்டாயம் பாருங்கள்.

நடுத் துளை வட்டமாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் தேய்ந்து நீண்டிருந்தால், பிளாஸ்ரிக் குழாய் இல்லாமல் வெறும் கம்பியில் வைத்து நெடுநாள் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கிருந்து வெடிப்புத் தொடங்கலாம். சிறிய தேய்வு விலையைக் குறைக்கக் காரணம். வெடிப்பு வாங்காமல் திரும்பக் காரணம். ஓரத்தில் குண்டூசித் தலையளவு சிறு பள்ளங்கள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. வெடிப்பின் முனையில் துளையிட்டு நிறுத்தியிருந்தாலோ, ஓரத்தை அரைவட்டமாக வெட்டி எடுத்திருந்தாலோ அது பழுதுபார்த்த சிம்பல். கூடிய விலை கொடுக்கவேண்டாம்.

கண்ணால் எதுவும் தெரியாவிட்டாலும் காதைக் கேளுங்கள். ஓரத்தில் சுற்றிவர மெல்லமாகத் தட்டிக்கொண்டு போகும்போது ஓரிடத்தில் மட்டும் ‘ஸ்ஸ்ர்’ என்று நடுங்கினாலோ, சத்தம் சட்டென்று அறுந்தாலோ அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. சமதளமான கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்தும் பாருங்கள்: ஓரம் முழுதும் மேசையில் அமரவேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்று ஆடினால் சிம்பல் முறுகியிருக்கிறது.

பூட்டுவதும் அடக்குவதும்

வீட்டுக்கு வந்த ரைட்டைக் கெடுப்பது அநேகமாக ஸ்டாண்டில் வைக்கும் முறைதான். ஸ்டாண்டின் கம்பி பெரும்பாலும் 8 மில்லிமீற்றர், சிம்பலின் துளை ஏறத்தாழ 12 மில்லிமீற்றர். நடுவில் பிளாஸ்ரிக் குழாய் கட்டாயம். தொலைந்துவிட்டால் ஹார்ட்வெயார் கடையில் உள்விட்டம் 8 மில்லிமீற்றர் உள்ள மெல்லிய பிளாஸ்ரிக் அல்லது ரப்பர்க் குழாய் வாங்கி ஒரு அங்குலத்துக்கு வெட்டிப் போடலாம். வெளிவிட்டம் துளையைவிடக் குறைவாக இருக்கவேண்டும். சிம்பலின் கீழும் மேலும் ஃபெல்ற் என்ற மெத்தென்ற வளையம். செட்டை நட் சும்மா அமர்ந்திருந்தால் போதும்.

சரிவு 15 முதல் 20 பாகை. அதிகம் சரித்தால் ஸ்டிக்கின் உடம்பு ஓரத்தில் வெட்டும். உயரம், முழங்கை உடம்போடு தளர்வாக இருக்கும்போதே ஸ்டிக் நுனி நடுப்பரப்பைத் தொடும் உயரம்.

கடற்கரை மணலில் மேடை இல்லாமல் வாசிக்கும்போது ஸ்டாண்டின் கீழ் ஒரு ப்ளைவூட் துண்டு போடுங்கள். ஸ்டாண்டின் மூன்று காலில் ஒன்று, சிம்பல் நீட்டிக்கொண்டிருக்கும் அதே திசையை நோக்கி இருக்கவேண்டும். இரண்டு காலுக்கு நடுவில் பாரம் விழுந்தால் இரண்டரைக் கிலோ ரைட்டும் ஸ்டாண்டும் ஒன்றாகச் சாயும். விழுந்த வேகத்தில் ஓரம் கல்லில் பட்டால் வெடிப்பு அன்றைக்கே தொடங்கிவிடும்.

உங்கள் ரைட் தேவாலயத்துக்குச் சற்று அதிகமாகத் தெரிந்தால், புதிது வாங்குமுன் ஸ்டிக்கை மாற்றுங்கள். 5பி-யிலிருந்து 7ஏ-க்கு இறங்கினாலே வொஷ் கணிசமாகக் குறையும். பெல்லுக்குக் கிட்ட அடித்தால் பிங் கூடி வொஷ் குறையும். அதுவும் போதாதென்றால் துணி டேப்பில் மூன்று சென்ரிமீற்றர்த் துண்டு ஒன்றைச் சிம்பலின் அடிப்பக்கம், பெல்லிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளி ஒட்டுங்கள். ஓரத்தை நோக்கி நகர்த்த நகர்த்த அடக்கம் கூடும். ஒரு துண்டோடு தொடங்குவது நல்லது, மூன்று துண்டு ஒட்டினால் பி20 ரைட்டும் பித்தளைபோல் மந்தமாகிவிடும். எங்கள் வெயிலில் டேப்பின் பசை இளகி வடியும். மாதம் ஒருமுறை உரித்து, தேங்காய் எண்ணெய் தடவிப் பசையைத் துடைத்து, சவர்க்காரத் தண்ணீரால் எண்ணெயை எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.

கூடுதல் வொஷ் வேண்டும் என்பவர்களுக்கு எதிர் வைத்தியம் உண்டு. மணிச் சங்கிலி ஒன்றைச் செட்டை நட்டில் மாட்டி, பதினைந்து சென்ரிமீற்றர் அளவு நடுப்பரப்பில் படும்படி தொங்கவிட்டால் நடுங்கும் ‘ஸிஸ்ல்’ சத்தம் வரும். ஹோட்டல் வாசிப்புக்கு அருமை. பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இதே சத்தத்துக்காக ரிவெற் என்ற சிறு ஆணி போடச் சிம்பலில் துளையிடவேண்டாம். துளையைத் திரும்ப மூட முடியாது.

உப்புக்காற்று

வெண்கலம் துருப்பிடிக்காது, ஆனால் செம்பு இருப்பதால் உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு பிடிக்கும். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று வரட்சியாக இருப்பதால் பிரச்சினை குறைவு. வாடை மாதங்களில், ஏறத்தாழ நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை, பையில் மூடி வைத்த சிம்பலில் இரண்டு கிழமையில் புள்ளி விழும். கடற்கரையில் வாசித்து முடித்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு பக்கமும் துடைத்து, உடனே காய்ந்த துவாயால் ஈரத்தை எடுங்கள். துடைப்பது கடைசல் கோட்டின் திசையில், வட்டமாக. குறுக்கே துடைத்தால் மணல் துகள் கோடு கிழிக்கும்.

பித்தளைப் பாத்திரம் மினுக்கும் வழக்கத்தில் புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் தேய்ப்பவர்கள் உண்டு. சிம்பலுக்கு அது ஆகாது. புளியின் அமிலம் கோடுகளுக்குள் தங்கினால் அதுவே பிறகு களிம்புக்கு விதை. சாம்பலும் தும்பும் கோடுகளை மழுக்கும், கொம்பனியின் அச்செழுத்தும் போய்விடும். எழுத்துப் போன சிம்பலை விற்கப் போனால் விலை விழும். மென்மையான பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

பையில் வைக்குமுன் சிம்பல் முழுதாகக் காய்ந்திருக்கவேண்டும். ரைட்டையும் க்ராஷையும் நேரடியாக ஒன்றோடொன்று உரசவிடாமல் இடையில் பருத்தித் துணி ஒன்றைப் போடுங்கள். வாடைக் காலத்தில் மருந்துப் போத்தல், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தைப் பைக்குள் போட்டு, பையைத் தரையில் வைக்காமல் அலுமாரிக்கு மேலே வையுங்கள். வாசிப்பு இல்லாவிட்டாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து, காற்றுப்பட வைத்துவிட்டுத் திரும்பப் பையில் போடவேண்டும்.